மதுரையில் வராத தாகம் பாம்பனில் ஏன் வருகிறது?

பாம்பனிலிருந்து ஓர் அக்கா நீளமாக எழுதிக் கேட்டிருக்கிறார். சுருக்கித் தருகிறேன். அவருடைய தம்பிக்கு 27 வயது, விசைப்படகில் தொழில். குடி முற்றிப்போய் மதுரையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்தார். "அங்க ஒருநாள்கூட எனக்குத் தோணவே இல்லக்கா" என்று சத்தியம் செய்கிறார். ஊருக்கு வந்து மூன்று நாள் வீட்டோடு இருந்தார். அப்புறம் கடலுக்குப் போனார். கரை திரும்பி, பங்கு பிரித்த இடத்திலேயே குடித்துவிட்டார். மையத்து மருத்துவரிடம் கேட்டால், "இதை எலியிலேயே பார்த்திருக்கிறார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டாராம். அக்காவுக்கு மூன்று கேள்விகள். எலிக்கும் என் தம்பிக்கும் என்ன சம்பந்தம்? அவனுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கிற மாத்திரை வாங்கலாமா? பேசாமல் அவனைத் திருப்பூருக்கு அனுப்பிவிடலாமா?

நான் தங்கச்சிமடத்துக்காரன். அப்பா நாட்டுப்படகில் போனவர், குடித்தவர். நான் மருந்தியல் படித்து, பதினொரு வருடம் ஓர் ஆய்வகத்தில் சுண்டெலிகளோடு வேலை பார்த்தேன். அதனால் இந்தக் கேள்வியை இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அக்கா: உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை. மதுரையில் அவருக்குத் தோணவில்லை என்பது உண்மை. பாம்பனில் தாங்க முடியாமல் தோன்றியது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

ஆய்வகத்தில் நாங்கள் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஒரு பெட்டி, நடுவில் தடுப்பு. ஒரு பக்கம் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சுவர், கம்பி வலைத் தரை. மறுபக்கம் வெறும் சாம்பல் நிறம், வழவழப்பான தரை. ஒருநாள் சுண்டெலிக்கு மார்பின் என்ற போதைமருந்து ஊசி போட்டுக் கோடு போட்ட அறையில் விடுவோம். மறுநாள் வெறும் உப்புநீர் ஊசி போட்டுச் சாம்பல் அறையில் விடுவோம். இப்படிச் சில தடவை மாற்றி மாற்றி. கடைசி நாள் எந்த ஊசியும் கிடையாது. தடுப்பில் உள்ள கதவைத் திறந்து வைத்துவிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்கெடுப்போம். முதல்முறை அதைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நடுவில் விட்ட சுண்டெலி மீசையை ஆட்டி இரண்டு பக்கமும் மோந்தது. கோடு போட்ட அறைக்குள் போனது. கம்பித் தரையில் மூக்கை வைத்து மூலை மூலையாகத் தேடியது. வெளியே வந்தது, திரும்பவும் அங்கேயே போனது. உடம்பில் மருந்து ஒரு துளி இல்லை. மருந்து கிடைத்த இடம் மட்டும்தான் இருந்தது, அந்த இடமே அதை இழுத்தது.

இது ஏதோ ஆசை, நினைவு என்று மனதோடு மட்டும் நிற்கிற காரியமாக இருந்தால் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். உடம்பே இடத்தைப் படித்து வைத்துக்கொள்கிறது. சாராயம் உடம்புச் சூட்டைக் குறைக்கும். எலிக்குத் தினமும் கொடுத்து வந்தால் உடம்பு பழகி, சூடு அவ்வளவாகக் குறையாது. 1979-இல் லே, பூலோஸ், கப்பெல் என்ற மூவர் ஒரு வேலை செய்தார்கள். எலிகளுக்கு எப்போதும் ஒரே அறையில் வைத்துச் சாராயம் கொடுத்தார்கள். பழகிய பிறகு அதே அளவை வேறு அறையில் கொடுத்துப் பார்த்தால், பழக்கம் பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. சூடு மறுபடி இறங்கியது. இன்னும் முக்கியமானது அடுத்த படி. பழைய அறைக்குக் கொண்டுபோய், சாராயம் கொடுக்காமல் வெறும் உப்புநீரைக் கொடுத்தார்கள். சூடு ஏறியது.

ஏன் ஏறியது? அந்த அறையைக் கண்டதும், 'இதோ வரப்போகிறது, சூடு இறங்கப்போகிறது' என்று உடம்பு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் தள்ள ஆரம்பித்துவிட்டது. காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரிந்தவன் முன்னாலேயே மறுபக்கம் சாய்ந்து உட்காருவான் இல்லையா, அதுமாதிரி. சாராயம் வந்தால் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். வராவிட்டால்? சாய்ந்தவன் சாய்ந்தபடி விழுவான். படபடப்பு, கைநடுக்கம், எரிச்சல், வயிற்றைப் பிசைவது, எதையோ தொலைத்தது போல ஒரு தவிப்பு. இதில் ஒரு பங்கு உடம்பு போட்டுக்கொண்ட அந்த எதிர்ச்சாய்வுதான். குடிப்பவர்கள் "கை கால் ஓடலை" என்று சொல்வது வெறும் சாக்கு என்று வீட்டில் நினைக்கிறோம். உடம்பு தயாராகிவிட்ட பிறகு வருகிற அவஸ்தை அது.

கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஷெப்பர்ட் சீகல் 1982-இல் இதை இன்னும் கடுமையான முறையில் காட்டினார். எலிகளை ஹெராயினுக்குப் பழக்கிவிட்டு, கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அளவைக் கொடுத்தார். பழகிய இடத்திலேயே வாங்கிய எலிகளில் செத்தவை 32 சதவீதம். அதே அளவுக்குப் பழகியிருந்தும் புது இடத்தில் வாங்கியவற்றில் 64 சதவீதம். அதுவரை ஹெராயினே காணாத எலிகளில் 96 சதவீதம். மருந்து ஒன்று, அளவு ஒன்று. இடம் மாறியதற்கே சாவு இரண்டு மடங்கு. இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், நம் கரையில் இப்போது பையன்கள் கையில் குடி மட்டும் இல்லை. வலி மாத்திரையை நொறுக்கி ஊசியில் ஏற்றுகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் சில மாதம் விட்டிருந்துவிட்டு, பழைய அளவையே புது இடத்தில் எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். ஊரில் அப்படி யாராவது இருந்தால், அவர் வீட்டாருக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, மதுரைக்கு வருவோம். மூன்று மாதத்தில் தம்பி எதையாவது மறந்தாரா? இதற்கு நேரான பதில் 2002-இல் கிராம்பாக், ஷஹாம் இருவரும் செய்த சோதனையில் இருக்கிறது. எலிகள் ஒரு கூண்டில் நெம்புகோலை அமுக்கிப் போதை மருந்து வாங்கப் பழகின. பிறகு அவற்றை வேறு மாதிரிக் கூண்டுக்கு மாற்றினார்கள். அங்கே அமுக்கினால் ஒன்றும் வராது. நாளாக ஆக, அமுக்குவதையே விட்டுவிட்டன. பார்ப்பவர்களுக்கு 'குணமாகிவிட்டது' என்றுதான் தோன்றும். பழைய கூண்டில் மறுபடி விட்டார்கள். மருந்து வராது என்ற நிலையிலும் அமுக்க ஆரம்பித்தன. மார்க் போட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருடம் இதையே ஆராய்ந்தவர். அவர் காட்டியது இதுதான்: பழகியதை நாம் அழிப்பதில்லை, அதன்மேல் புதிதாக ஒன்றைப் படிக்கிறோம். அந்தப் புதுப் படிப்பு, படித்த இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பழைய படிப்புக்கு அந்தக் கட்டு குறைவு.

ஆக உங்கள் தம்பி மதுரையில் படித்த பாடம் மதுரையிலேயே இருக்கிறது. பாம்பன் கரையில் அவர் இன்னும் அந்தப் பாடத்தைத் தொடங்கவே இல்லை.

கரையை ஒரு நிமிடம் அவர் உடம்பு பார்க்கிற மாதிரி பார்ப்போம். ராத்திரி முழுக்க மடிவலை இழுத்த உடம்பு. விடியக் கரை பிடிக்கிறார்கள். டீசல் புகை, ஈர வலையின் கவிச்சி, ஐஸ் உடைக்கிற சத்தம். இறாலையும் கணவாயையும் தரம் பிரித்து எடை போட்டதும் படகு முதலாளியான சம்மாட்டி கணக்குச் சொல்கிறார்: டீசல் இவ்வளவு, ஐஸ் இவ்வளவு, போக மீதி. ஈரக் கையில் நோட்டு. பின்னால் உடைமரத்து நிழலில் நாலு பேர், தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் தம்ளர். "மாப்ள, வா." பத்து வருடமாக இந்த வரிசை ஒருநாள் பிசகவில்லை. ஆய்வகத்தில் ஒரே ஒரு கோடு போட்ட சுவரை வைத்து நாங்கள் செய்ததை, இந்தக் கரை மூக்கு, காது, கை, களைப்பு, காசு, சொந்தக்காரன் குரல் என்று ஆறு வழியாகச் செய்திருக்கிறது. அந்த நோட்டு கையில் படும்போதே தம்பியின் உடம்பு சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. கூப்பிட்டவருக்கு அது தெரியாது, தம்பிக்கும் தெரியாது.

இந்த வரிசையில் எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது குரல். கூட்டாளி என்பது இடத்தைவிடப் பெரிய தூண்டுதல். இங்கே எலி, சுண்டெலி ஆய்வுகள் ஆச்சரியமான இரண்டு எதிர்ப்பக்கங்களைக் காட்டுகின்றன.

2016-இல் ஓரிகான் மாநிலத்தில் மோனிக் ஸ்மித்தும் ஆந்திரே ரியாபினினும் மற்றவர்களும் செய்தது இது. ஒரு கூட்டம் சுண்டெலிகளைச் சாராயத்துக்கோ மார்பினுக்கோ பழக்கி, பிறகு நிறுத்தினார்கள். நிறுத்தினால் உடம்பு நோகும். பாதத்தில் மெல்லிய இழையால் தொட்டாலே வெடுக்கென்று காலை இழுக்கும். எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அதே அறையில் தனிக் கூண்டில் இருந்த, மருந்தைக் கண்ணால்கூடக் காணாத சுண்டெலிகளும் அதே மாதிரி காலை இழுத்தன. வேறு அறையில் இருந்தவை இழுக்கவில்லை. நோகிற சுண்டெலி படுத்திருந்த மரத்தூளை எடுத்து மற்றதன் கூண்டில் போட்டாலே போதும், வலி தொற்றியது. வாசனை வழியாக! ஸ்மித் பிறகு ஸ்டான்போர்டில் ராபர்ட் மலென்காவின் குழுவோடு 2021-இல் மறுபக்கத்தைக் காட்டினார். இரண்டுக்கும் வலி, ஒன்றுக்கு மட்டும் மார்பின். ஒரு மணி நேரம் இரண்டும் சேர்ந்திருந்தால், மருந்து வாங்காததற்கும் வலி குறைந்தது.

நான் இதைப் படித்த அன்று அம்மாவை நினைத்தேன். அப்பா குடிக்காமல் இருந்த நாட்களில் வீடே நோகும். அவர் கைநடுக்கத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்குத் தலைவலி, எனக்கு வயிற்றைப் பிடிக்கும். யாரும் யாரையும் தொடவில்லை, திட்டவில்லை. கடைசியில் அம்மாவே காசை எடுத்துக் கொடுப்பாள். ஊரில் எல்லோரும் அம்மாவைத்தான் பேசினார்கள், "இவளே ஊத்திக் கெடுத்தாள்" என்று. ஒரு சுண்டெலி ஆய்வை வைத்து என் வீட்டை அப்படியே விளக்கிவிட முடியாது, மனிதர் வேறு. ஆனால் ஒருவர் நிறுத்தும் நாட்களில் பக்கத்தில் இருப்பவருக்கும் உடம்பு கெடலாம் என்று அன்றைக்கு யாராவது அம்மாவிடம் சொல்லியிருந்தால், அவள் தன்னையே இவ்வளவு வெறுத்திருக்க மாட்டாள். அக்கா, இது உங்களுக்கும்தான். தம்பி விடும் வாரங்களில் உங்களுக்கும் எரிச்சல் வரும், தூக்கம் போகும். அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்.

வயதும் ஒரு கணக்கு. 2014-இல் வந்த ஓர் ஆய்வில், வளரும் பருவத்துச் சுண்டெலிகள் தம் வயதுச் சுண்டெலிகள் கூட இருந்தால் சாராயத்தை அதிகமாகக் குடித்தன; வளர்ந்த சுண்டெலிகளுக்கு அந்த வித்தியாசம் இல்லை. பத்தாவது முடித்ததும் படகுக்கு வருகிற பையன் முதல் தம்ளரை யார் நடுவில் எடுக்கிறான் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது மறுபக்கம். எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். 2018-இல் மார்கோ வென்னிரோவும் யாவின் ஷஹாமும் பால்டிமோரில் செய்தது. பெரிய எலிகள், தனித்தனிக் கூண்டு. ஒரு நெம்புகோலை அமுக்கினால் ஹெராயினோ மெத்தாம்பெட்டமினோ நேராக ரத்தத்தில் ஏறும். இன்னொன்றை அமுக்கினால் பக்கத்து அறைக் கதவு ஒரு நிமிடம் திறக்கும், அங்கே இன்னொரு எலி இருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஏற்கெனவே அடிமையாகிவிட்டவை என்று கணக்கிட்ட எலிகள்கூட, பெரும்பாலும் கதவைத்தான் திறந்தன. இன்னொன்றும் பார்த்தார்கள். வெறுமனே மருந்தைப் பிடுங்கி வைத்த எலிகளுக்கு, வாரங்கள் போகப் போக மருந்தின் தூண்டுதலைக் கண்டால் தேடல் அதிகமாகிக்கொண்டே போகும். துணையைத் தேர்ந்தெடுத்து அதனால் மருந்தை விட்ட எலிகளுக்கு மெத்தாம்பெட்டமின் தேடல் அப்படி வளரவில்லை. பூட்டி வைத்து விட்டதும், வேறொன்று கிடைத்து விட்டதும் ஒரே விடுதல் இல்லை என்று இதைப் படிக்கிறேன்.

ஆனால் அதே ஆய்வில் ஒரு நிபந்தனை. துணை தாமதமாகக் கிடைத்தாலோ, துணையைத் தேடி அமுக்கும்போது காலில் மின்னதிர்ச்சி கொடுத்தாலோ, எலிகள் மருந்துப் பக்கமே திரும்பின. வீட்டுக்கு வருகிற ஆளை வாசலிலேயே "வந்துட்டான்யா குடிகாரன்" என்று வரவேற்றால், உடைமரத்து நிழலில் "மாப்ள, வா" என்ற குரல்தான் ஜெயிக்கும். நம் வீடுகளில் மின்னதிர்ச்சி அந்த வாசலில் இருக்கிறது.

'எலிப் பூங்கா' பற்றி யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர் 1970-களின் கடைசியில் எலிகளுக்கு விசாலமான இடமும் கூட்டமும் கொடுத்தார். தனிக்கூண்டு எலிகளைவிட அவை மார்பின் கலந்த நீரைக் குறைவாகக் குடித்தன. அழகான ஆய்வு. ஆனால் பிறகு திரும்பச் செய்தவர்களுக்கு எப்போதும் அதே முடிவு வரவில்லை. 'நல்ல சூழல் இருந்தால் போதையே வராது' என்று அதை வைத்துப் பேசுவது அதிகப்படி. நல்ல குடும்பத்தில் இருந்தும் குடியில் விழுந்தவர்களை நம் தெருவிலேயே காட்ட முடியும்.

அடுத்து, எதிர்பார்ப்பு. இதைத் தனியாக எடுப்பதற்குக் காரணம் உங்கள் மாத்திரைக் கேள்வி.

எதிர்பார்ப்பு எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கும் ஒரு சுண்டெலி ஆய்வு உண்டு. 2024-இல் வட கரோலினாவில் கிரெகரி ஷெரர் குழு சுண்டெலிகளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: இந்த அறையில் தரை சுடும், அடுத்த அறைக்குப் போனால் சுடாது. கற்ற பிறகு, இரண்டு அறைத் தரையையும் ஒரே மாதிரி சுடவைத்தார்கள். அப்போதும் சுண்டெலி அடுத்த அறைக்குப் போனதும், பாதத்தை நக்குவதும் துள்ளுவதும் குறைந்தது. 'இங்கே வந்தால் ஆறும்' என்ற எதிர்பார்ப்பே வலியை மட்டுப்படுத்தியது. மூளையின் முன்பக்கத்திலிருந்து தண்டுப்பகுதியில் உள்ள ஒரு முடிச்சுக்குப் போகும் நரம்புப் பாதை வழியாக இது நடக்கிறது என்றும் கண்டுபிடித்தார்கள். அந்தப் பாதையை அடைத்தால் ஆறுதலும் போனது.

மனிதரில் இதன் குடிப் பக்கத்தை ஆலன் மார்லாட்டும் அவர் தோழர்களும் 1973-லேயே காட்டிவிட்டார்கள். குடிநோயாளிகள் சிலருக்கு வோட்கா கலந்த பானம், சிலருக்குக் கலக்காத பானம்; இரண்டு பக்கத்திலும் சிலரிடம் உண்மையையும் சிலரிடம் மாற்றியும் சொன்னார்கள். 'இது எதற்காக' என்று கேட்காதபடி, ருசி பார்த்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். யார் அதிகம் குடித்தார்கள்? வோட்கா உள்ளே போனவர்கள் என்று நினைப்போம். வோட்கா என்று நம்பியவர்கள்தான் அதிகம் குடித்தார்கள், உள்ளே வோட்கா இருந்தாலும் இல்லாவிட்டாலும். 'ஒரு சொட்டு பட்டால் அவனை நிறுத்த முடியாது' என்பதில், சொட்டைவிட அந்த நம்பிக்கைக்குப் பங்கு அதிகம்.

இதற்கு நம் ஊரிலேயே கண் முன்னால் அத்தாட்சி இருக்கிறது. கார்த்திகை முதல் தேதி மாலை போட்ட ஆளைப் பாருங்கள். நேற்றுவரை காலையிலேயே குடித்தவர். ஒரு மண்டலம் தொடுவதில்லை. தவக்காலத்தில் நாற்பது நாள் விடுகிறவர்கள் எங்கள் தங்கச்சிமடத்தில் உண்டு. நோன்பு மாதத்தில் விடுகிறவர்கள் தொண்டியிலும் கீழக்கரையிலும் உண்டு. பக்தி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவோம். பக்தி இருக்கிறது, மறுக்கவில்லை. அதோடு இன்னும் நிறைய மாறுகிறது. கறுப்பு வேட்டி, வெறுங்கால், விடியற்காலைக் குளியல். "மாப்ள, வா" என்றவனே "சாமி, வாங்க" என்கிறான். தம்ளரை மறைத்து வைக்கிறான். மனைவி தனிப் பாத்திரத்தில் சமைக்கிறாள். நீ குடிக்க மாட்டாய் என்று தெரு முழுக்க எதிர்பார்க்கிறது. தூண்டுதல்களை எல்லாம் ஊரே சேர்ந்து ஒரே நாளில் மாற்றிவிடுகிறது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் ஊரும் பழையபடி ஆகிறது, அன்று இரவே தம்ளர் கைக்கு வருகிறது. எந்த மறுவாழ்வு மையமும் நம் மக்களுக்கு இவ்வளவு நேர்த்தியாக ஒரு சோதனையைச் செய்து காட்டியதில்லை என்று நான் நம்புகிறேன்.

இப்போது மாத்திரை. நீங்கள் கேட்பது பெரும்பாலும் டைசல்ஃபிராம். இதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது என்று வரும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்துக் குடித்தாலும் வரக்கூடும். இதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. தான் என்ன சாப்பிடுகிறோம் என்று ஆளுக்குத் தெரிந்த ஆய்வுகளில் மருந்து பலன் தந்தது. உண்மை மாத்திரையா வெறும் மாத்திரையா என்று யாருக்கும் தெரியாமல் கொடுத்தவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. காரணம் எளிது. 'குடித்தால் என்னாகும்' என்று தெரிந்திருப்பதுதான் மருந்தின் பாதி வேலை. தெரியாமல் கலந்தால் அந்தப் பாதி போய்விடும், ஆபத்து மட்டும் முழுசாக இருக்கும். அதுவும் கரையிலிருந்து பத்துப் பதினைந்து கடல்மைல் தள்ளி, படகில் அப்படி ஆனால் யார் பார்ப்பது? கலக்காதீர்கள். தம்பி சம்மதித்து, மருத்துவர் இதயமும் ஈரலும் பார்த்துக் கொடுத்து, தினமும் உங்கள் கையால் வாங்கிச் சாப்பிட்டால், அது வேறு கதை. நால்ட்ரெக்ஸோன் போன்ற வேறு மருந்துகளும் உண்டு, கேளுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம். போனில் பேச வேண்டுமென்றால் போதை மறுவாழ்வுக்கான கட்டணமில்லா எண் 14446, மனநலத்துக்கு 14416.

இதோடு இன்னொரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்து வந்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி குழம்பலாம். 'நேற்றோட விட்டேன்' என்று வைராக்கியத்தோடு மறுநாளே கடலுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நிற்கும்போது வலிப்பு வந்தால் ஆள் தண்ணீரில். நிறுத்துவதை மருத்துவர் பார்வையில், கரையில் வைத்துச் செய்யுங்கள்.

கடைசிக் கேள்வி திருப்பூர். அங்கே போனால் கொஞ்ச நாள் நன்றாக இருப்பார், மதுரையில் இருந்த மாதிரி. ஆனால் அவருக்குத் தெரிந்த தொழில் கடல், சொந்தமெல்லாம் இங்கே. திருவிழாவுக்கு வருவார், கல்யாணத்துக்கு வருவார், வந்த இடத்தில் கரை காத்திருக்கும். கரையிலேயே கரையைப் பழக வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் சம்மாட்டியிடம் பேசுவேன். பங்கைக் கரையில் வைத்துக் கையில் கொடுக்காமல், போனில் உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்வேன். கேட்டால் பல சம்மாட்டிகள் ஒத்துக்கொள்வார்கள், குடிக்காத ஆள் அவர்களுக்கும் வேண்டும். முடிந்தால் வேறு படகு, வேறு கூட்டம். குடிக்காத ஒருவர் அந்தப் படகில் இருந்தால் தேடிப் பிடித்து அவரோடு சேர்த்துவிடுங்கள். தொழிலுக்குப் போகாத நாட்களில், நீங்களோ மைத்துனரோ கூட வர, அவர் அந்தக் கரையில் சும்மா நடக்கட்டும். டீசல் வாசனை வரும், ஐஸ் உடைக்கிற சத்தம் வரும், தம்ளர் வராது. இப்படிப் பல தடவை. ஒரு தடவையில் எதுவும் ஆகாது. தவிப்பு வரும், வந்தால், 'உடம்பு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, கொஞ்ச நேரத்தில் நிமிரும்' என்று அவருக்கு முன்பே சொல்லி வைத்திருங்கள். வரப்போவது என்னவென்று தெரிந்தவருக்கு அதைத் தாங்குவது எளிது.

அடுத்த மீன்பிடித் தடைக்காலம் முடிவது ஜூன் 14. 61 நாள் சும்மா இருந்த படகுகள் ஒரே நேரத்தில் கிளம்பும். முதல் வலையிழுப்பில் இறால் நிறைய விழும், காசும் நிறைய வரும், கரையே கொண்டாட்டமாக இருக்கும். நான் பார்த்தவரை, விட்டவர்கள் அதிகம் சறுக்குவது அந்தக் கரைதிரும்பலில்தான். அன்று விடியற்காலை நீங்கள் கரைக்குப் போய் நில்லுங்கள் அக்கா. தூக்குவாளியில் சூடாகக் கஞ்சி, மாற்றுச் சட்டை ஒன்று. படகு அணையும்போது, மற்ற எவர் குரலுக்கும் முன்னால் உங்கள் குரல் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும்.